தோட்டத்தில் செய்த தவறு தொட்டியில் நாறும்

சொந்த நிலத்தில் திராட்சை வளர்த்துத் தாங்களே ஒயினும் செய்யும் குடும்பங்களுக்கு ஒரு பெரிய வசதி உண்டு. கொடியைக் கவாத்து செய்த கைதான் தொட்டியையும் கலக்குகிறது. அப்படியிருந்தும் இரண்டையும் வேறு வேறு வேலையாக நினைப்பதில்தான் பாதித் தவறுகள் தொடங்குகின்றன. தொட்டியில் அழுகிய முட்டை நாற்றம் வந்தால் ஈஸ்ட்டைக் குறை சொல்கிறோம். அறுவடைக்குப் பத்து நாள் முன்பு தெளித்த கந்தகம் யாருக்கும் நினைவுக்கு வருவதில்லை.

இலையிலும் பழத்திலும் சாம்பல் தூவியது போலப் படரும் பூஞ்சையான சாம்பல் நோய்க்குக் கந்தகம் நல்ல மருந்து. இயற்கை வேளாண்மையிலும் அதற்கு அனுமதி இருக்கிறது, அதனாலேயே கை தாராளமாகிவிடுகிறது. பழத்தோலில் ஒட்டிய கந்தகம் சாறோடு தொட்டிக்குள் போனால் ஈஸ்ட் அதை ஹைட்ரஜன் சல்பைடாக மாற்றிவிடும். அந்த முட்டை நாற்றம் அதுதான். அறுவடைக்கு ஐந்து வாரம் இருக்கும்போதே கந்தகத்தை நிறுத்திவிடுங்கள். வெயில் 32 டிகிரி செல்சியஸைத் தாண்டும் நாட்களிலும் தெளிக்க வேண்டாம், இலை கருகிவிடும்.

செம்பு விஷயத்தில் இன்னும் கவனம் தேவை. மயில்துத்தமும் (செம்பு உப்பு) சுண்ணாம்பும் சேர்ந்த போர்டோ கலவை 1885-இல் இருந்து, இலையின் அடியில் படரும் அடிச்சாம்பல் நோய்க்குக் கைகொடுத்து வருகிறது. ஆனால் செம்பு மண்ணில் மட்கிப் போவதில்லை. வருடா வருடம் மேல்மண்ணிலேயே சேர்ந்து மண்புழுக்களைப் பாதிக்கும். ஐரோப்பிய ஒன்றியம் ஹெக்டேருக்கு ஏழு ஆண்டுகளில் மொத்தம் 28 கிலோ செம்பு என்று வரம்பு வைத்திருப்பது இதனால்தான். ‘இயற்கை மருந்துதானே’ என்று அளவு பார்க்காமல் அடிப்பது என் கணக்கில் பெரிய தவறு. முதலில் கொத்துகளைச் சுற்றிக் காற்று நுழைய வழி செய்யுங்கள். அதற்காக எல்லா இலையையும் பறித்துவிடவும் கூடாது. காலை வெயில் விழும் பக்கத்தில் மட்டும் கிள்ளினால் பனி சீக்கிரம் காயும், பிற்பகல் வெயிலில் பழமும் வேகாது.

அடுத்தது வரிசைகளுக்கு நடுவே இருக்கும் நிலம். அதைச் சுத்தமாக உழுது மொட்டையாக வைத்தால் சரிவில் மழையோடு மண்ணும் போய்விடும். சரி என்று மண்ணை மூடிக் காக்கும் மூடுபயிர் விதைத்துவிட்டு அப்படியே மறந்துபோவது இதற்கு நேர் எதிரான தவறு. வறண்ட மாதங்களில் அது கொடியின் தண்ணீரையும் தழைச்சத்தையும் பங்கு போட்டுக்கொள்ளும். தழைச்சத்து குறைந்த பழத்தின் சாற்றில் ஈஸ்ட் பட்டினி கிடக்கும். பட்டினி கிடக்கும் ஈஸ்ட்டும் அதே முட்டை நாற்றத்தைத் தரும். அதனால் கோடை வருமுன் பயிரை வெட்டி அங்கேயே மூடாக்காகப் போட்டுவிடுங்கள். மறுபுறம், தொழுவுரத்தையும் தண்ணீரையும் அள்ளிக் கொட்டினால் இலை காடாக வளரும், நோய் வந்து குடியேறும்.

கன்று நட்ட முதல் இரண்டு ஆண்டுகளில் வரும் பூங்கொத்துகளை மனசு கேட்காவிட்டாலும் வெட்டிவிட வேண்டும். முதலில் வேர் பிடிக்கட்டும்.

அறுவடை நாளைக் குறிப்பதில்தான் அதிகமானோர் சறுக்குகிறார்கள். சாற்றின் சர்க்கரையை அளக்கும் மீட்டரில் 24 பிரிக்ஸ் (நூறு கிராம் சாற்றில் ஏறக்குறைய 24 கிராம் சர்க்கரை) காட்டினால் ஏறக்குறைய 13, 14 சதவீத ஆல்கஹால் கிடைக்கும் என்று கணக்குப் போட்டுப் பறித்துவிடுகிறார்கள். பழத்தில் சர்க்கரை மட்டுமா இருக்கிறது? ஒரு பழத்தை விரலால் பிதுக்கிப் பாருங்கள். விதை பச்சையாக, சதை ஒட்டிக்கொண்டு வந்தால் இன்னும் நாளாகும். பழுப்பேறி, கடித்தால் மொறுமொறுவென்று உடைந்தால் நெருங்கிவிட்டது. மாதிரி எடுக்கும்போது கண்ணுக்கு அழகான கொத்திலேயே கை போகும், அது ஏமாற்றும். வரிசையின் இரு பக்கமும் நடந்து, கொத்தின் மேலும் கீழுமாக நூறு பழமாவது பறித்து, ஒன்றாக நசுக்கி அளந்தால்தான் தோட்டத்தின் உண்மை நிலை தெரியும்.

அந்தச் சாற்றில் பிஎச் பார்க்காமல் விடவே கூடாது. அது புளிப்பைக் காட்டும் எண், புளிப்பு இறங்க இறங்க அது ஏறும். வெள்ளை ஒயினைக் கிருமியிலிருந்து நன்றாகக் காக்க, பிஎச் 3.2 இருந்தால் லிட்டருக்கு 20 மில்லிகிராம் அளவு கட்டுறாத (வேறு பொருளோடு சேராமல் தனித்து நிற்கும்) சல்ஃபர் டையாக்சைடு போதும். பிஎச் 3.8 ஆகிவிட்டால் ஏறக்குறைய 80 மில்லிகிராம் வேண்டும். இந்தச் சல்ஃபர் டையாக்சைடைத் தரும் உப்பான சல்ஃபைட்டைக் குறைக்க ஆசைப்படுகிறவர் அதைத் தோட்டத்திலேயே முடிவு செய்தாக வேண்டும். பழத்தைக் கனியவிட்டு, புளிப்பு இறங்கிய பிறகு பறித்துவிட்டு, அப்புறம் ‘நான் சல்ஃபைட் போடவே மாட்டேன்’ என்று பிடிவாதம் பிடித்தால் வருட உழைப்பு வீணாகும்.

இனி எல்லாவற்றையும் விட முக்கியமான ஒன்று. ஒரு லிட்டர் சாறு நொதிக்கும்போது 50 லிட்டருக்கு மேல் கார்பன் டையாக்சைடு வெளிவரும். அதற்கு நிறமும் மணமும் இல்லை. காற்றைவிடக் கனமானது என்பதால் தரையோரமும் தொட்டியின் வாய்க்குள்ளும் தேங்கி நிற்கும். மூடிய அறையில் தனியாக வேலை செய்வது, தொட்டிக்குள் தலையை நுழைத்து எட்டிப் பார்ப்பது, சக்கையை அள்ள உள்ளே இறங்குவது எல்லாம் உயிரைப் பறித்திருக்கின்றன. மயங்கியவரைத் தூக்கப் போனவரும் சேர்ந்து விழுவது உண்டு. விசிறி வையுங்கள், வாயு அளக்கும் கருவி ஒன்று வாங்குங்கள், குழந்தைகளை உள்ளே விடாதீர்கள். இதில் சிக்கனம் பார்க்கவே கூடாது.

சிவப்பு ஒயினில் தோல்கள் மேலே மிதந்து தடித்த ஆடை போல நிற்கும். அதை நாளுக்கு இரண்டு மூன்று முறை அமுக்கிவிடாவிட்டால் மேற்பரப்பு காய்ந்து வினிகர் வாடை தொடங்கும், உள்ளே சூடும் ஏறும். 35 டிகிரியைத் தாண்டினால் ஈஸ்ட் பாதியில் நின்றுவிடலாம். நொதித்து முடிந்த பிறகு பாத்திரத்தை விளிம்புவரை நிரப்பி வையுங்கள். சர்க்கரை மிச்சம் இருக்கும்போது சாதாரண பாட்டிலில் அடைக்காதீர்கள். லிட்டருக்கு 4 கிராம் சர்க்கரை மறுபடி நொதித்தாலே ஏறக்குறைய ஒரு ‘பார்’ (சுற்றியுள்ள காற்றின் அழுத்தம் அளவுக்கு) அழுத்தம் கூடும், பாட்டில் வெடிக்கவும் கூடும்.

கழுவுவதற்கு பிளீச்சிங் பவுடர் வேண்டாம். குளோரின் மரத்திலும் தக்கையிலும் பட்டு, அங்கே பூஞ்சையும் இருந்தால் ஈர அட்டைப்பெட்டி நாற்றம் ஒயினில் ஏறும். பிறகு அதை எடுக்க முடியாது. வெந்நீரில் கழுவினால் போதும்; கூடவே சிட்ரிக் அமிலம் கலந்த மெட்டாபைசல்ஃபைட் (ஒரு வகை சல்ஃபைட் உப்பு) கரைசலைத் தனியாகப் பயன்படுத்தலாம்.

பிழிந்த சக்கையைச் சூட்டோடு கொடியடியில் கொட்டுவதும் அவசர வேலைதான். புளிப்பு அதிகம், பழ ஈக்களும் மொய்க்கும். காய்ந்த தழையும் சாணமும் கலந்து சில மாதம் மட்கவிட்டுப் போட்டால் அதிலிருக்கும் பொட்டாசியம் நிலத்துக்கே திரும்பும். தொட்டி கழுவிய தண்ணீரை ஓடையில் திறந்துவிடாதீர்கள். அதிலுள்ள சர்க்கரையைச் சிதைக்கும் கிருமிகள் நீரின் ஆக்சிஜனைத் தீர்த்துவிடும், மீன்கள் செத்து மிதக்கும். வண்டலைப் படியவிட்டுப் புல்தரையில் கொஞ்சம் கொஞ்சமாகப் பாய்ச்சினால் மண் அதை எடுத்துக்கொள்ளும்.