ஸ்கேனரில் வரும் கோடு உதிரிபாகத்தின் பெயர் அல்ல

போன ஐப்பசி மழையில் என் பழைய பெட்ரோல் காரில் மஞ்சள் எஞ்சின் லைட் எரிந்தது. ஒர்க்‌ஷாப்பில் ஸ்கேனர் மாட்டிப் பார்த்தார்கள். வந்த 'கோடு', அதாவது கோளாறைக் குறிக்கும் எண்: பி0171. "ஆக்சிஜன் சென்சார் போச்சு சார்" என்று, புகையில் ஆக்சிஜனை அளக்கும் அந்தச் சாமானை மாற்றியும் விட்டார்கள். நான்காம் நாள் லைட் மறுபடி எரிந்தது. அன்றைக்கே வண்டியின் கம்ப்யூட்டரைப் போனில் படிக்க உதவும் ஒரு ப்ளூடூத் ஓபிடி ஸ்கேனர் வாங்கிவிட்டேன்.

அதை மாட்டும் 16 பின் சாக்கெட் பெரும்பாலும் ஸ்டீயரிங்குக்குக் கீழே, கால் வைக்கும் இடத்துக்கு மேலே இருக்கும். சாவியை ஆஃபில் வைத்து மாட்டுங்கள். பிறகு ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் ஆன் செய்து போனில் இணையுங்கள். வேலை முடிந்ததும் கழற்றிவிடுங்கள். அதற்கு பேட்டரியிலிருந்து எப்போதும் கரண்ட் போகும். மாட்டியபடியே ஊருக்குப் போய்விட்டு வந்து வண்டியைத் தள்ளியவன் நான்.

கோடு வந்ததும் அழிக்கக் கை துறுதுறுக்கும். அழிக்காதீர்கள். கோடு பதிவான நொடியில் ஆர்பிஎம் (நிமிடத்துக்கு எஞ்சின் சுற்றும் எண்ணிக்கை), எஞ்சின் சூடு, வேகம் எல்லாம் எவ்வளவு என்று 'ஃப்ரீஸ் ஃப்ரேம்' என்ற பக்கத்தில் இருக்கும். கோடை அழித்தால் அதுவும் போய்விடும். முதலில் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். என்னுடையதில் ஆர்பிஎம் 780, வேகம் பூஜ்யம். அதாவது சிக்னலில் நின்றபோது வந்த கோளாறு.

பி0171 என்றால் கலவையில் பெட்ரோல் குறைவு, காற்று அதிகம் என்று மட்டுமே அர்த்தம். எந்தச் சாமான் கெட்டது என்று அது சொல்லாது. அதற்குத் துப்புக் கொடுப்பது லைவ் டேட்டாவில் (ஓடும்போதே வரும் அளவுகளில்) உள்ள ஃப்யூயல் ட்ரிம். கம்ப்யூட்டர் எவ்வளவு பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கிறது என்ற கணக்கு அது; பிளஸ் என்றால் கூட்டுகிறது, மைனஸ் என்றால் குறைக்கிறது. ஷார்ட் (அந்த நொடிக்கான திருத்தம்), லாங் (நாள்பட்ட திருத்தம்) இரண்டையும் கூட்டினால் பிளஸ் மைனஸ் 10 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். எனக்கு ஐடிலில் (மிதிக்காமல் எஞ்சின் சும்மா ஓடும்போது) பிளஸ் 25. ஆக்சிலரேட்டரை மிதித்து 2500 ஆர்பிஎம்மில் பிடித்தால் வெறும் 5.

எஞ்சினுக்குள் போகும் காற்றை அளக்கும் ஏர் ஃப்ளோ சென்சார் உள்ள வண்டியில் இப்படி வந்தால், அந்தச் சென்சாரைத் தாண்டி எங்கோ திருட்டுக் காற்று நுழைகிறது. ஐடிலில் எஞ்சின் குடிக்கும் காற்றே கொஞ்சம். அதனால் சின்ன ஓட்டையும் பெரிதாகத் தெரியும். நேர்மாறாக, மிதிக்க மிதிக்க ட்ரிம் ஏறினால் பெட்ரோல் பம்ப், ஃபில்டர், அழுக்கேறிய ஏர் ஃப்ளோ சென்சார் பக்கம் பாருங்கள்.

ஒரு முழ ரப்பர் ட்யூபின் ஒரு முனையைக் காதில் வைத்து, மறுமுனையை இன்டேக் (காற்று உள்ளே போகும் வழி) பக்கத்து ஹோஸ்கள் மேல் நகர்த்தினேன். (பெல்ட், ஃபேன் பக்கம் ட்யூபும் சட்டைக் கையும் போகக் கூடாது.) எஞ்சினுக்குப் பின்னால் வளையும் பிசிவி ஹோஸின் (எஞ்சினுக்குள் சேரும் ஆவியை இன்டேக்குக்குக் கொண்டுபோகும் குழாய்) அடிப்பக்கம் 'உஸ்ஸ்' என்றது. மேலே பார்த்தால் புதுசு போல இருந்தது. கீழே விரல் நகம் நுழையும் வெடிப்பு. விரலால் அழுத்தியதும் போனில் ஷார்ட் ட்ரிம் மளமளவென இறங்கியது. ஹோஸை மாற்றிக் கோடை அழித்து இரண்டு நாள் ஓட்டியபின் லாங் ட்ரிம் பிளஸ் 3.

பி0302 போல மிஸ்ஃபயர் கோடு (இரண்டாவது சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியவில்லை என்பது) வந்தால் வேலை இன்னும் சுலபம். ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனிக் காயில் (ஸ்பார்க் ப்ளக்குக்கு மின்சாரம் தருவது) உள்ள வண்டியில், இரண்டாவதன் காயிலை மூன்றாவதோடு மாற்றிப் போடுங்கள். கோடு பி0303 ஆனால் காயில்தான் குற்றவாளி. மாறாவிட்டால் ஸ்பார்க் ப்ளக், இன்ஜெக்டர் என்று பாருங்கள். எஞ்சின் லைட் தொடர்ந்து எரிவதற்குப் பதில் விட்டு விட்டு மின்னினால் மட்டும் இந்த ஆராய்ச்சியெல்லாம் வேண்டாம். எரியாத பெட்ரோல், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வர்ட்டரைக் காலி செய்துவிடும், வண்டியை ஓரங்கட்டுங்கள்.

கழற்றிய ஆக்சிஜன் சென்சாரைக் கேட்டு வாங்கி டிக்கியில் வைத்திருக்கிறேன். அது நன்றாகத்தான் இருக்கிறது என்பது என் சந்தேகம்.