கடைக்குள் பீடி, சிகரெட் வேண்டாம் என்றால்

வேலூரில் டீக்கடை, மெஸ், லாட்ஜ் நடத்துகிறவர்கள் ‘புகை பிடிக்கக்கூடாது’ என்று போர்டு மாட்டியதும் வேலை முடிந்ததென்று நினைக்கிறார்கள். முதலில் கழற்ற வேண்டியது, பீடி பற்றவைக்கத் தூணில் புகைந்துகொண்டு தொங்கும் கயிறு. அப்புறம் மேஜைக்கடியில் மணல் போட்ட கொட்டாங்குச்சி. ஆஷ்ட்ரே, தீப்பெட்டி, லைட்டர் எதையும் உள்ளே தரக்கூடாது. 2008 அக்டோபர் 2 முதலே இதுதான் விதி.

போர்டு குறைந்தது 60க்கு 30 சென்டிமீட்டர், வெள்ளைப் பின்னணி. வாசலில் ஒன்று, மாடி இருந்தால் மாடிக்கொன்று. புகார் வாங்குபவர் பெயரும் எழுதுங்கள். உள்ளே புகை பிடித்தவருக்கு 200 ரூபாய் வரை அபராதம். கண்டுகொள்ளாத முதலாளிக்கும் உண்டு. குடியாத்தம் பக்கம் பீடி சுற்றும் வீடுகள் அதிகம், பிடிக்காதே என்றால் வாடிக்கையாளர் முகம் சுளிப்பார். “அண்ணே, வெளியே போய்ப் பிடிச்சிட்டு வாங்க, டீ சூடா தர்றேன்” என்றால் எழுந்துவிடுவார்.