மெம்பர்ஷிப்பும் சனிக்கிழமைக் கூலியும்

சேலம் அம்மாப்பேட்டையில் எங்கள் தெருவில் பாதிக்குப் பாதி விசைத்தறி வீடுகள். கூலி சனிக்கிழமை சாயங்காலம்தான் கைக்கு வரும். வெள்ளிக்கிழமை கணக்கில் கிடப்பது பஸ் காசு. அப்படி ஒரு வெள்ளிக்கிழமை எதிர்வீட்டு அக்கா போனை நீட்டினார். "தம்பி, 349 ரூபா போயிருக்கு. யாருக்குப் போச்சுன்னு பாரு." பார்த்தால், போன வருஷம் அவர் மகன் சேர்ந்த ஒரு ஷாப்பிங் ஆப்பின் மெம்பர்ஷிப் தானாகப் புதுப்பித்துக்கொண்டிருக்கிறது. "அந்த ஆப்பை அப்பவே அழிச்சாச்சே!"

முதல் தவறு அங்கேதான். ஆப்பை அழித்தால் ஐகான் போகும், ஆட்டோபே போகாது; அதாவது, தானாகப் பணம் எடுத்துக்கொள்ள நாம் கொடுத்த அனுமதி. பணம் கட்டிய யுபிஐ ஆப்புக்குள் ஆட்டோபே பகுதியைத் தேடிப்போய் ரத்து செய்ய வேண்டும். பணம் எடுக்க 24 மணி நேரம் முன்பே தகவல் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. அக்காவுக்கும் வந்திருந்தது, ஆங்கிலத்தில், இரண்டு கடன் விளம்பரங்களுக்கு நடுவே. ரத்து செய்ய விடாமல் சுற்றலில் விடுகிறார்களா? ஆப்பிலும் இணையத்திலும் ஆளை ஏமாற்றும் இப்படிப்பட்ட உத்திகளுக்கு டார்க் பேட்டர்ன் என்று பெயர். 2023இல் மத்திய அரசு வெளியிட்ட அதன் தடுப்பு வழிகாட்டுதலில் உள்ள 13 வகைகளில் இந்தச் சந்தாப் பொறியும் ஒன்று. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குப் போன் போட்டுப் புகார் சொல்லலாம்.

அடுத்தது, 'டெலிவரி இலவசம்' என்றதும் லாபம் என்று நினைத்துவிடுவது. ஒரு தடவைக்கு 40 ரூபாய் டெலிவரிக் கட்டணம் என்று வையுங்கள். ஒன்பது ஆர்டர் போட்டால்தான் அந்த 349 திரும்பும். அக்கா வீட்டுக்கு வருஷம் முழுக்க வந்தது நாலு பார்சல். அதில் மிக்ஸியும் பள்ளிக்கூட ஷூவும் பெரிய தொகை, மெம்பர் ஆகாதவருக்கும் இலவசமாகவே வந்திருக்கும்.

இதைவிடக் காசைக் கரைப்பது மளிகை. 'மெம்பர் விலை' என்று பச்சை எழுத்தில் வருவதை, பக்கத்தில் கோடு போட்டு அடித்த எம்ஆர்பியோடு ஒப்பிடுகிறோம். ஒப்பிட வேண்டியது எங்கள் ஊர் மளிகைச் சந்தையான லீ பஜார் விலையோடும் ரேஷனோடும். ரேஷனில் துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25. எந்த மெம்பர் விலை இதற்குப் பக்கத்தில் வரும்? ரேஷனில் கிடைக்காததை வாங்கும்போதும் கிலோவுக்கு எவ்வளவு என்று பாருங்கள், பாக்கெட்டுக்கு எவ்வளவு என்று அல்ல. குறைந்தபட்ச ஆர்டர் தொகையைத் தொடுவதற்காக ஒரு ஷாம்பு பாட்டிலைச் சேர்த்துப் போட்டால் அந்த வாரக் கூலியில் அவ்வளவு குறைந்தது. இன்னொன்று: தெருமுனைக் கடைக்காரர் நோட்டில் எழுதிக்கொண்டு சனிக்கிழமை வரை பொறுப்பார். ஆப் பொறுக்காது.

ஏற்காட்டுக்காரர்கள் காசு கட்டும் முன் 636601 என்று பின்கோடு போட்டுப் பார்த்துவிடுங்கள். சேலத்துக்கு மறுநாள் வருவது 20 கொண்டை ஊசி வளைவு தாண்டியும் மறுநாளே வரும் என்று நம்ப வேண்டாம்.

அமெரிக்காவில் ஏழைகளுக்கு என்றே பாதி விலை மெம்பர்ஷிப் உண்டு. அரசு உதவி பெறுபவருக்கு அமேசான் பிரைம் மாதம் 14.99 டாலருக்குப் பதில் 6.99 டாலர். ஆனால் அரசு தரும் உணவு உதவிப் பணத்தில் மளிகை வாங்கலாமே தவிர, மெம்பர்ஷிப் கட்ட முடியாது. அது கைக்காசு. இங்கே மலிவுத் திட்டம் என்றால் வசதிகளைக் குறைத்து விலையைக் குறைத்தது. ஆகவே 'ரேஷன் கார்டுக்கு இலவச மெம்பர்ஷிப்' என்று வாட்ஸ்அப்பில் ஓடிபி கேட்டு வந்தால் தொடவே தொடாதீர்கள்.

எங்கள் தெருவில் மெம்பர்ஷிப் கட்டுப்படியாகிற வீடு ஒன்று உண்டு. படுத்த படுக்கையாக இருக்கும் தாத்தாவுக்கு மாதம் இரண்டு தடவை சின்ன பாக்கெட் டயப்பர் வருகிறது. ஐந்தாவது மாதமே கட்டிய காசு கழிந்துவிட்டது. அக்காவுக்கு இப்போது ஏதாவது வேண்டுமென்றால் அந்த வீட்டார் போனில் ஆர்டர் போடச் சொல்லி, சனிக்கிழமை காசைக் கொடுத்துவிடுகிறார்.