முதல் வலைத்தளத்திற்குக் கருத்துக் கேட்பதும் கருத்துச் சொல்வதும்: தொடக்கநிலையினருக்கான செய்முறை

வலைத்தள வடிவமைப்பு கற்றுவரும் மாணவி ஒருவர், தம் தாயார் வீட்டிலேயே நடத்தும் தையல் கடைக்காக ஒரு தளத்தைச் செய்து, அதன் முகவரியை எனக்கு அனுப்பி, "எப்படி இருக்கிறது சார்?" என்று கேட்டிருந்தார். அதற்குள் அவருக்கு இரண்டு பதில்கள் வந்திருந்தன. ஒருவர் "சூப்பர்" என்று எழுதியிருந்தார். இன்னொருவர் "நிறமே சரியில்லை, பத்து வருடத்துக்கு முந்தைய தளம் மாதிரி இருக்கிறது" என்று எழுதியிருந்தார். முதல் பதில் மகிழ்ச்சி தந்தது, இரண்டாவது மனத்தை நோகடித்தது. ஆனால் இரண்டையும் வைத்துக்கொண்டு தளத்தில் ஓர் எழுத்தைக்கூடத் திருத்த முடியாது. தளத்திற்கு வந்தவர் எதைச் செய்ய முயன்றார், எந்த இடத்தில் தடைபட்டார் என்று சொல்லும் கருத்துதான் திருத்துவதற்கு உதவும். அத்தகைய கருத்தைக் கேட்டுப் பெறுவதற்கும் சொல்வதற்கும் உரிய வழியை, அந்த மாணவியின் இசைவோடு, அவருடைய தளத்தைக் கொண்டே விளக்குகிறேன்.

படி 1: கேள்வியைச் சரியாகக் கேளுங்கள்

"எப்படி இருக்கிறது?" என்று கேட்டால், கேட்கப்பட்டவர் தம் ரசனையைத்தான் சொல்வார். ஆகவே தளம் யாருக்காக, வருபவர் அங்கே எதைச் செய்துமுடிக்க வேண்டும், எந்தப் பகுதி இன்னும் முடியவில்லை என்ற மூன்றையும் எழுதிக் கேளுங்கள். அந்த மாணவியிடம் கேள்வியைத் திருப்பி எழுதச் சொன்னபோது அவர் எழுதியது இது: "எங்கள் சுற்றுவட்டாரத்துப் பெண்களுக்கான தளம். பெரும்பாலும் கைப்பேசியில்தான் பார்ப்பார்கள். ரவிக்கை தைக்கக் கூலி எவ்வளவு என்று கண்டுபிடித்து, அம்மாவை அழைக்க முடிகிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள். படத்தொகுப்புப் பக்கம் இன்னும் முடியவில்லை, அதை விட்டுவிடுங்கள்." இப்படிக் கேட்டால், கருத்துச் சொல்ல வருபவருக்கு எங்கே தொடங்குவது என்ற தயக்கம் இருக்காது.

எத்தனை பேரிடம் கேட்பது என்ற ஐயம் எழலாம். பயன்பாட்டு ஆய்வாளர் ஜேக்கப் நீல்சன், சிறு சோதனைகளில் ஐந்து பேரைக் கொண்டே பெரும்பாலான குறைகளைக் கண்டுபிடித்துவிடலாம் என்று 2000-ஆம் ஆண்டில் எழுதினார். ஒரே சமயத்தில் ஐம்பது பேருக்கு அனுப்புவதைவிட, ஐந்து பேரிடம் கேட்டுத் திருத்திவிட்டு, வேறு ஐந்து பேரிடம் மறுபடியும் கேட்பது நல்லது. அவர்களுள் இருவராவது வடிவமைப்பு அறியாதவர்களாக இருக்கட்டும்.

படி 2: பேசுவதற்கு முன் பயன்படுத்திப் பாருங்கள்

இனி, கருத்துச் சொல்பவரின் வேலை. தளத்தைக் கணினியில் மட்டும் திறந்து பார்த்துவிட்டு எழுதாதீர்கள். வைஃபையை அணைத்துவிட்டு, கைப்பேசியின் மொபைல் டேட்டாவில் திறந்து, கேட்கப்பட்ட வேலையைச் செய்து பாருங்கள். தடைபடும் இடங்களை அப்போதே ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். நான் குறித்தவற்றுள் முதலாவது, முகப்புப் படம் மேலிருந்து கீழாக மெல்ல மெல்லத் தோன்றியது. கைப்பேசியில் எடுத்த நிழற்படத்தை அளவு குறைக்காமல் அப்படியே ஏற்றியிருந்ததால், அந்த ஒரு படமே 4 எம்பிக்கு மேல் இருந்தது. அடுத்து, கடையின் தொலைபேசி எண் அந்தப் படத்துக்குள்ளேயே அழகான எழுத்தில் வரையப்பட்டிருந்தது. அதைத் தொட்டேன், ஒன்றும் நிகழவில்லை. நகலெடுக்கவும் முடியாததால், எண்ணைப் பாதி பாதியாக மனப்பாடம் செய்து அழைக்க வேண்டியிருந்தது. தளத்தைச் செய்தவருக்குத் தம் தாயாரின் எண் தெரியும் என்பதால், அதைத் தொட்டுப் பார்க்கும் தேவை அவருக்கு ஒருநாளும் வந்திருக்காது. தாமே செய்த தளத்தின் குறை தம் கண்ணுக்குத் தெரியாமல் போவது இதனால்தான்.

படி 3: கண்டதை எழுதுங்கள், முடிந்தால் அளந்து எழுதுங்கள்

மற்றெல்லாப் படிகளையும்விட இதற்குத்தான் அதிக நேரம் ஒதுக்க வேண்டும். எந்த இடம், என்ன செய்ய முயன்றேன், என்ன நேர்ந்தது, எதனால் என்று நினைக்கிறேன் என்ற வரிசையில் எழுதுங்கள். "நிறமே சரியில்லை" என்ற அந்தப் பதிலை இம்முறையில் எழுதினால் இப்படி வரும்: "கூலிப் பட்டியலின் எழுத்துகள் வெள்ளைப் பின்புலத்தில் வெளிர்சாம்பல் நிறத்தில் உள்ளன. வெயிலில் நின்று பார்த்தபோது, 350 ரூபாயா 850 ரூபாயா என்று என்னால் சொல்ல முடியவில்லை. எழுத்தின் நிறத்தை அடர்த்தியாக்கினால் தெளிவாகும் என்று நினைக்கிறேன்." இதைப் படிப்பவருக்குக் கோபம் வர இடமில்லை, எதைத் திருத்த வேண்டும் என்பதும் உடனே தெரிந்துவிடும்.

இதையே அளந்தும் காட்டலாம். வலைக்கான தரங்களை வகுக்கும் உலகளாவிய வலைக் கூட்டமைப்பான டபிள்யூ3சியின் அணுகல்தன்மை வழிகாட்டி (பார்வைக் குறைபாடு போன்றவை உள்ளவர்களும் தளத்தைப் பயன்படுத்துவதற்கான வழிகாட்டி), சாதாரண அளவு எழுத்துக்கும் பின்புலத்துக்கும் இடையிலான மாறுபாட்டு விகிதம், அதாவது வெளிச்ச வேறுபாட்டின் அளவு, குறைந்தது 4.5:1 இருக்க வேண்டும் என்றும், பெரிய எழுத்துக்கு 3:1 போதும் என்றும் சொல்கிறது. அந்தப் பட்டியலில் இருந்த #999999 என்ற நிறக்குறியீடு கொண்ட சாம்பல் நிறத்துக்கு வெள்ளையின்மீது கிடைக்கும் விகிதம் ஏறத்தாழ 2.85 மட்டுமே. #767676 என்று மாற்றினால் 4.5-ஐச் சற்றே தாண்டும். #595959 என்றால் 7-ஐ எட்டும். குரோம் உலாவியில் எழுத்தின்மேல் வலது சொடுக்கு செய்து 'இன்ஸ்பெக்ட்' என்பதைத் தேர்ந்தெடுத்து, திறக்கும் பகுதியில் எழுத்தின் நிறத்துக்கு அருகே உள்ள சிறு நிறக்கட்டத்தைச் சொடுக்கினால், இந்த விகிதத்தை உலாவியே கணக்கிட்டுக் காட்டும். எண்ணைச் சொல்லிவிட்டால், உங்கள் ரசனையா என் ரசனையா என்ற வாதத்திற்கே வேலையில்லை.

தமிழ்த் தளங்களில் மேலும் இரண்டைக் கட்டாயம் பாருங்கள், ஏனெனில் ஆங்கிலப் பயிற்சிப் பாடங்களைப் பார்த்துக் கற்பவர்கள் இங்கேதான் சறுக்குகிறார்கள். ஒன்று, வரி இடைவெளி. 'கீ', 'பி' போன்றவற்றில் குறி மேலே எழும்பும். 'மூ', 'கு' போன்றவற்றில் கீழே இறங்கும். ஆகவே ஆங்கிலத்துக்குப் போதுமான, எழுத்தின் அளவைப்போல் 1.2 மடங்கு இடைவெளியில் தமிழ் வரிகள் ஒன்றோடொன்று இடித்துக்கொள்ளும். நான் 1.6-க்குக் குறைத்து வைப்பதில்லை. மற்றொன்று, பத்தியை இருபுறமும் சமப்படுத்துவது. தமிழ்ச் சொற்கள் நீளமானவை. கைப்பேசியின் குறுகிய திரையில் ஒரு வரிக்கு இரண்டு மூன்று சொற்களே அடங்கும்போது, சொற்களுக்கு நடுவே பெரும் பள்ளங்கள் விழும். இடப்புறம் மட்டும் சீராக வைத்தால் போதும்.

படி 4: மூன்று குறைகளோடு நிறுத்துங்கள்

பதினைந்து குறைகள் கண்ணில் பட்டாலும், கேட்கப்பட்ட வேலையைத் தடுக்கும் மூன்றை மட்டும், பெரிய தடையிலிருந்து தொடங்கிச் சொல்லுங்கள். நன்றாக அமைந்ததையும் குறிப்பாகச் சொல்ல வேண்டும். இல்லையெனில் திருத்தும்போது அதுவும் சேர்ந்து போய்விடக்கூடும். "கூலியை ரவிக்கை, சுடிதார், பாவாடை என்று தனித்தனியாகப் பிரித்திருப்பதால் தேடியது உடனே கிடைத்தது" என்று நான் எழுதியது அதற்காகவே.

படி 5: கேட்கும்போது விளக்கம் சொல்லாதீர்கள்

கருத்தைப் பெறுபவருக்கு இதுவே கடினமான இடம். "அந்தப் பொத்தான் கண்ணில் படவில்லை" என்று ஒருவர் சொன்னவுடன், "வலப்பக்கம் மேலே இருக்கிறதே" என்று பதில் சொல்லத் தோன்றும். கடைக்கு வரப்போகும் வாடிக்கையாளர் பக்கத்தில் நின்று அதைச் சொல்ல உங்களால் முடியாது. அதனால் சொன்னதைச் சொன்னபடியே குறித்துக்கொண்டு, "எந்த இடத்தில் தேடினீர்கள்?" என்று மட்டும் கேளுங்கள். மிகச் சுருக்கமாக "பிடிக்கவில்லை" என்று சொல்பவரிடமும் இதே போன்ற ஒரு கேள்வியைக் கேட்டால், அதற்குள்ளிருந்து பயனுள்ள செய்தி வெளிவருவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

படி 6: ஒருநாள் கழித்து முடிவெடுங்கள்

எல்லாக் கருத்தையும் ஏற்க வேண்டியதில்லை. ஒரே இடத்தில் இருவர் தடைபட்டிருந்தால் அதைத் திருத்திவிடுங்கள். ஒருவர் பச்சையும் இன்னொருவர் சிவப்பும் கேட்டால், தளத்தின் நோக்கத்தைக் கொண்டு நீங்களே முடிவு செய்யுங்கள். தாயாரின் தையல் அனுபவத்தைப் பற்றி முகப்பில் இருந்த நீண்ட பத்தியை நீக்கிவிடலாம் என்று நான் சொல்லியிருந்தேன். புதிதாக வருபவர்கள் துணியை ஒப்படைக்கும் முன் அதைத்தான் முதலில் கேட்பார்கள் என்று சொல்லி மாணவி மறுத்தார். கூலிப் பட்டியலுக்குக் கீழே அதை நகர்த்தி வைத்தார். அவர் செய்ததே சரி. அந்த வாடிக்கையாளர்களை அறிந்தவர் அவர்தாம்.

படி 7: திருத்தியதைச் சொன்னவரிடம் காட்டுங்கள்

எவற்றைத் திருத்தினீர்கள், எவற்றை ஏன் விட்டீர்கள் என்று நான்கு வரி எழுதி, அதே வேலையை மீண்டும் செய்து பார்க்கச் சொல்லுங்கள். நான் இரண்டாம் முறை திறந்தபோது படம் உடனே தோன்றியது, கூலி தெளிவாகத் தெரிந்தது, எண்ணைத் தொட்டவுடன் அழைப்பு சென்றது. ஆனால் என் சிறிய கைப்பேசியில் அந்த எண் எட்டு இலக்கத்தோடு முறிந்து, கடைசி இரண்டு இலக்கங்கள் அடுத்த வரியில் தனியே நின்றன. அதைத் திரைப்பிடிப்பு எடுத்து அனுப்பினேன்; அன்றிரவே சரிசெய்துவிட்டார்.