எஃகுச் சான்றிதழ்: எண்ணைப் பார்க்கும் முன் தலைப்பைப் பாருங்கள்

எஃகுத் தகட்டோடு வரும் ஆலைச் சோதனைச் சான்றிதழில் கார்பன் 18, மாங்கனீசு 142, பாஸ்பரஸ் 14 என்று இருக்கும். 142 சதவீதம் மாங்கனீசு எந்த உலையிலும் உருகாது. தனிமத்தின் பெயருக்குக் கீழே, எறும்பு ஊர்ந்தது போன்ற எழுத்தில் ×100, ×1000 என்று அச்சிட்டிருப்பார்கள். அந்த எண்ணால் வகுத்தால்தான் உண்மையான சதவீதம் கிடைக்கும்: கார்பன் 0.18, மாங்கனீசு 1.42.

வரிசை முழுவதும் ஒரே பெருக்கெண் என்று நம்பிவிடுவதுதான் பலரும் செய்யும் தவறு. பாஸ்பரஸ், கந்தகத்துக்குப் பெரும்பாலும் ×1000 இருக்கும். அதையும் 100-ஆல் வகுத்தால் 0.014 என்பது 0.14 ஆகிவிடும், பழுதில்லாத தகடு திரும்பிப் போகும். நைட்ரஜன் சில சமயம் பிபிஎம் (பத்து லட்சத்தில் ஒரு பங்கு) அளவில் வரும். 70 பிபிஎம் என்றால் 0.007 சதவீதம்.

அடுத்தது, தர நூலின் அட்டவணையைப் பார்த்துவிட்டு அடிக்குறிப்பை விட்டுவிடுவது. ஏஎஸ்டிஎம் என்ற அமெரிக்கத் தர அமைப்பின் ஏ106 பி தரக் குழாயில் மாங்கனீசு வரம்பு 1.06. சான்றிதழில் 1.20 இருந்தால் உடனே நிராகரிக்கத் தோன்றும். ஆனால் கார்பன் 0.30 என்ற உச்சத்திலிருந்து 0.01 குறையும்போதெல்லாம் மாங்கனீசு 0.06 கூடலாம், ஓர் உச்ச அளவு வரை. கார்பன் 0.22 என்றால் அந்தக் குழாய் தாராளமாகத் தேறும்.

உருகிய எஃகில் எடுத்த மாதிரியின் மதிப்பையும் (உருக்குப் பகுப்பாய்வு), முடிந்த பொருளில் எடுத்ததையும் (பொருள் பகுப்பாய்வு) குழப்பாதீர்கள். 316எல் என்ற துருப்பிடிக்காத எஃகுத் தகட்டுக்குக் கார்பன் வரம்பு 0.030. பொருள் பகுப்பாய்வில் 0.034 வந்தால் ஏஎஸ்டிஎம்மின் ஏ480 தர நூல் தரும் 0.005 சலுகைக்குள் அடங்கும். உருக்குப் பகுப்பாய்வில் அதே 0.034 வந்தால் தோல்விதான். இரண்டு தசமத்துக்குச் சுருக்கி 0.03 என்று காட்டும் சாமர்த்தியம் இங்கே செல்லாது. வரம்பே மூன்று தசமத்தில் இருக்கிறது.

பற்றவைப்பவர்கள், பற்றில் விரிசல் விழும் வாய்ப்பை அறிய, கார்பன் சமன்மதிப்பைக் கேட்பார்கள். அதைக் கணக்கிடும்போது பலர், கார்பனோடு மாங்கனீசில் ஆறில் ஒரு பங்கைக் கூட்டிவிட்டு நிறுத்திவிடுகிறார்கள். முதலில் சொன்ன தகட்டுக்கு அது 0.417. குரோமியம், மாலிப்டினம், வனேடியம் மூன்றின் கூட்டுத்தொகையில் ஐந்தில் ஒரு பங்கும், நிக்கல், செம்பின் கூட்டுத்தொகையில் பதினைந்தில் ஒரு பங்கும் சேர்ந்தால்தான் கணக்கு முடியும். எச்சமாக இருக்கும் சிறு அளவுகளே சில சமயம் 0.43 போன்ற வரம்பைத் தாண்ட வைத்துவிடும்.

ஒரே தாளில் ஐந்தாறு ஹீட் நம்பர்கள் (ஒவ்வொரு முறை உருக்கியதற்கும் தரும் எண்) இருக்கும். தகட்டில் குத்திய எண்ணைக் கண்டுபிடித்து, அந்த வரிக்கு அடியில் அளவுகோலை வைத்துக்கொண்டுதான் நான் படிப்பேன்.