தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளின் கணக்குத் திறனைச் சோதிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

20 கணக்கு கொடுத்தோம், 14 சரி என்று பதிவேட்டில் எழுதியதோடு பல சோதனைகள் முடிந்துவிடுகின்றன. அந்த 14-ஐ வைத்துக்கொண்டு நாளைக் காலை வகுப்பில் என்ன செய்வது என்று யாராலும் சொல்ல முடியாது. தவறிய ஆறும் எவை, ஆறிலும் ஒரே இடத்தில் சறுக்கியதா, கணக்குப் புரியவில்லையா, கேள்வியை வாசிக்கத்தான் வரவில்லையா என்பதெல்லாம் தெரிந்தால்தான் அது சோதனை. ஆசிரியர், தன்னார்வலர், பெற்றோர் என யார் சோதித்தாலும், சோதிப்பவர் செய்யும் தவறுகளில் பாதி, பிள்ளை பென்சிலைக் கையில் எடுக்கும் முன்பே, கேள்வித்தாள் தயாரிக்கும்போதே நடந்துவிடுகின்றன.

எண்களைக் கவனிக்காமல் கணக்கு எழுதுவது

நான் முதலில் சொல்வது இதைத்தான், ஏனென்றால் மிகக் குறைவாகக் கவனிக்கப்படுவதும் இதுதான். இனமாற்றத்துடன் கழித்தல், அதாவது கடன் வாங்கிக் கழித்தல், வருகிறதா என்று பார்க்க 52 − 27 கொடுக்கிறோம். விடை 25. பிள்ளை 35 என்று எழுதுகிறது. ஏன்?

இரண்டு காரணங்கள் இருக்கலாம். ஒன்று, மேலே 2, கீழே 7. பெரியதிலிருந்து சிறியதைக் கழிக்க வேண்டும் என்று 7-இலிருந்து 2-ஐக் கழித்து 5 போட்டிருக்கும். அடுத்து 5-இல் 2 போக 3. விடை 35. இன்னொன்று, முறையாகக் கடன் வாங்கி 12-இல் 7 போக 5 என்று போட்டிருக்கும். ஆனால் பத்துகள் இடத்தில் ஒன்றைக் குறைக்க மறந்து 5-இல் 2 போக 3 என்று எழுதியிருக்கும். அதற்கும் விடை 35. ஒன்றுகள் இடத்து இலக்கங்களுக்கிடையே வித்தியாசம் சரியாக 5 என்றால் இரண்டு தவறும் ஒரே விடையில் வந்து நிற்கும்.

அதே இடத்தில் 61 − 24 கொடுத்துப் பாருங்கள். சரியான விடை 37. சிறியதைப் பெரியதிலிருந்து கழிக்கும் பிள்ளை 43 எழுதும். குறைக்க மறக்கும் பிள்ளை 47 எழுதும். விடையைப் பார்த்ததுமே யாருக்கு எது வரவில்லை என்று தெரிந்துவிடுகிறது. முதல் பிள்ளைக்கு 61 என்பது ஆறு பத்துகளும் ஒரு ஒன்றும் என்பதே இன்னும் பதியவில்லை; குச்சிக் கட்டுகளோடு உட்கார வேண்டும். இரண்டாவது பிள்ளைக்குக் கருத்து தெரியும். 6-ஐ அடித்து மேலே 5 என்று எழுதும் பழக்கம் வந்தால் போதும். இருவருக்கும் ஒரே ஒர்க்‌ஷீட்டைக் கொடுத்து உட்கார வைப்பது இருவரின் நேரத்தையும் வீணாக்கும்.

கழித்தலுக்கு ஒரு தாள் தயாரிப்பதென்றால், இனமாற்றம் இல்லாதது ஒன்று (58 − 23), இனமாற்றம் உள்ளவை இரண்டு (61 − 24, 72 − 38), மேலே பூச்சியம் உள்ளது ஒன்று (40 − 16), நான்காம் ஐந்தாம் வகுப்பென்றால் நடுவில் பூச்சியம் உள்ளது ஒன்று (304 − 168) என்று வைக்கலாம். 40 − 16-க்கு 30 என்று எழுதும் பிள்ளை, "பூச்சியத்தில் கழிக்க ஒன்றுமில்லை, அதனால் பூச்சியம்" என்று நினைக்கிறது. 36 என்று எழுதும் பிள்ளை 6-இலிருந்து பூச்சியத்தைக் கழிக்கிறது.

கூட்டலுக்கும் இதே கவனம் வேண்டும். 47 + 36-க்கு 73 வந்தால் மிச்சத்தை மேலே கொண்டுபோக மறந்திருக்கிறது. 713 வந்தால் இடமதிப்பே இல்லாமல் ஒவ்வொரு வரிசையையும் தனிக் கணக்காகப் போட்டிருக்கிறது. எல்லாக் கணக்கையும் நாமே மேலும் கீழுமாக அடுக்கிக் கொடுப்பதும் தவறு. 35 + 4 என்று படுக்கை வாட்டில் கொடுத்து, பிள்ளையையே அடுக்கச் சொல்லுங்கள். 4-ஐ 3-க்குக் கீழே எழுதி 75 என்று சொல்லும் பிள்ளைகள் அப்போதுதான் தெரிவார்கள்.

பெருக்கலில் 2 × 2 கேட்காதீர்கள். கூட்டினாலும் 4, பெருக்கினாலும் 4. வகுத்தலில் 84 ÷ 4 மட்டும் கேட்டால் எல்லோரும் கெட்டிக்காரர்கள்தான். 612 ÷ 6 கேட்டால் ஈவில் பூச்சியத்தை விட்டுவிட்டு 12 என்று எழுதுகிறவர்கள் யார் என்று தெரியும். சமக்குறியின் பொருள் தெரியுமா என்று பார்க்க 8 + 4 = □ + 5 ஒன்று போதும். கட்டத்தில் 12 எழுதும் பிள்ளைக்கு அந்தக் குறி "விடையை இங்கே எழுது" என்கிற கட்டளை. 17 எழுதும் பிள்ளை கண்ணில் பட்டதையெல்லாம் கூட்டியிருக்கிறது. சரியான விடை 7.

எண்ணின் பெயரை எளிதென்று நினைப்பது

தமிழில் 70 எழுபது, 80 எண்பது, அடுத்தது தொண்ணூறு. எண்ணூறு என்றால் 800. அப்படியிருக்க, தொண்ணூறு என்று காதில் விழுந்ததும் ஒரு பிள்ளை 900 என்று எழுதினால் அது கவனக்குறைவு இல்லை. கேட்டதைச் சரியாக யோசித்துத்தான் எழுதியிருக்கிறது. "தொண்ணூற்று மூன்று" 903 ஆவதும், "நூற்று ஐந்து" 1005 ஆவதும் இந்த வழியில்தான். எண்ணைப் பார்த்து வாசிப்பதையும், காதால் கேட்டு எழுதுவதையும் தனித்தனியாகச் சோதிக்க வேண்டும். ஒன்று வந்தால் மற்றது வந்துவிட்டது என்று கணக்கில் எடுத்துக்கொள்ளக் கூடாது. சொல்லி எழுதவைக்கும் பட்டியலில் 90-களில் ஒன்று, 100-க்கும் 110-க்கும் நடுவே ஒன்று, 900-ஐத் தாண்டி ஒன்று கட்டாயம் இருக்கட்டும்.

ஆங்கில வழியில் படிக்கும் பிள்ளை வீட்டில் "முப்பது ரூபாய்" என்றே கேட்டு வளர்ந்திருக்கும். தேர்ட்டீன், தேர்ட்டி இரண்டும் அதற்குக் குழம்பலாம். எந்த மொழியில் சொன்னாலும் ஏற்றுக்கொள்ளுங்கள். எந்த மொழியில் தடுமாறியது என்பதை மட்டும் குறித்துவையுங்கள். 3-ஐத் திருப்பி எழுதுவது ஆறேழு வயதில் சாதாரணம். அதைக் கணக்குத் தவறாக எண்ணி மதிப்பெண்ணைக் குறைக்காதீர்கள். 12-ஐ 21 என்று எழுதினால் மட்டும் "இது என்ன எண்?" என்று வாசிக்கச் சொல்லிப் பாருங்கள்.

வரிசையில் கேட்பது

1, 2, 3 என்று வரிசையாக அச்சிட்ட அட்டையைக் காட்டினால் பிள்ளை வாசிப்பதில்லை, ஒப்பிக்கிறது. எண்களைக் கலைத்துப் போடுங்கள். வாய்ப்பாடும் அப்படித்தான். ஏழாம் வாய்ப்பாட்டைப் பாட்டாகச் சொல்லும் பிள்ளையிடம் 7 × 8 என்று தனியாகக் கேட்டால், உதடு அசைய ஓரேழு ஏழிலிருந்து தொடங்கி வரும். அது மனப்பாடம் இருக்கிறது, உடனே எடுக்க வரவில்லை என்ற நிலை. இரண்டையும் ஒன்றாகப் பதிவு செய்யக் கூடாது.

எது பெரியது என்று கேட்க இரண்டிரண்டு எண்களாகக் கொடுப்பது வழக்கம். ஐந்து ஜோடியில் நான்கு சரியென்றால் தேர்ச்சி என்று வைத்தால், ஒன்றுமே தெரியாமல் கை போன போக்கில் காட்டுகிற பிள்ளைகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் தேறிவிடுவார். மூன்று எண்களில் பெரியதைக் காட்டச் சொன்னால் அந்த வாய்ப்பு 22-இல் ஒன்றாகக் குறைகிறது. 68, 86, 79 போல இலக்கங்கள் குழப்பும் எண்களாக எடுங்கள். பெரிய எண் எப்போதும் வலப்பக்கம் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். பிள்ளைகள் அதை மூன்றாவது கேள்விக்குள் கண்டுபிடித்துவிடுவார்கள்.

முதல் வகுப்பில் புளியங்கொட்டையை எண்ணச் சொல்வதிலும் ஒன்று விடுபடுகிறது. ஏழு கொட்டையை வரிசையாக வைத்தால் தொட்டுத் தொட்டு எண்ணிவிடும். வட்டமாகவோ சிதறலாகவோ வைத்து, எண்ணி முடித்ததும் "மொத்தம் எத்தனை இருக்கு?" என்று கேளுங்கள். திரும்ப ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்கும் பிள்ளைக்கு, கடைசியாகச் சொன்ன எண்தான் மொத்தம் என்பது இன்னும் பிடிபடவில்லை. எண்ணத் தெரியும் என்று அதை விட்டுவிட்டால், கூட்டல் தொடங்கும்போது தடுமாற்றம் அங்கே வெளிப்படும்.

வாசிப்பைச் சோதித்துவிட்டுக் கணக்கு வரவில்லை என்பது

வாக்கியக் கணக்கை ஐந்தாம் வகுப்பு வரையிலும் சத்தமாக வாசித்துக் காட்டுங்கள், தேவைப்பட்டால் இரண்டு முறை. கேட்டதும் போட்டுவிடும் பிள்ளைக்கு வாசிப்பில்தான் உதவி வேண்டும்.

"மொத்தம்" என்றால் கூட்டல், "மீதி" என்றால் கழித்தல் என்று சொல்லைப் பிடித்துக்கொண்டு போடுகிற பழக்கம் நம் வகுப்பறைகளில் ஆழமாக வேரூன்றியிருக்கிறது, நாமே சொல்லிக்கொடுத்ததும்கூட. அதை உடைக்கிற கேள்வி ஒன்றாவது தாளில் இருக்க வேண்டும்: "கமலாவிடம் 12 மாம்பழம் இருக்கிறது. அது ரவியிடம் இருப்பதை விட 5 அதிகம். ரவியிடம் எத்தனை?" "அதிகம்" என்ற சொல்லைப் பார்க்கும் பிள்ளை 17 என்று சொல்லும். சூழலைப் பார்க்கும் பிள்ளை 7 என்று சொல்லும். கேட்கிற பொருள் பிள்ளைக்குப் பழக்கமானதாக இருக்கட்டும். பேருந்துச் சில்லறையும் ரேஷன் கடைச் சர்க்கரையும் இருக்க, பார்த்தே இராத பொருளைக் கேள்வியில் வைப்பானேன்?

முகத்தால் விடை சொல்லிக்கொடுப்பது

சரியான விடைக்கு மட்டும் "வெரி குட்", தவறென்றால் "நல்லா யோசிச்சுச் சொல்லு" என்றால் பிள்ளை உடனே விடையை மாற்றும். பிறகு அது யாருடைய விடை? எல்லா விடைக்கும் ஒரே குரலில் "ம்ம், அடுத்தது பார்ப்போம்" என்று போங்கள். "எப்படிம்மா போட்டே?" என்பதைத் தவறுக்கு மட்டும் கேட்காமல், சரியானவற்றில் இரண்டுக்கும் கேளுங்கள். இல்லாவிட்டால் அந்தக் கேள்வியே "தப்பு" என்பதன் மறுபெயராகிவிடும். கூட்டம் கூட்டி நின்று மற்ற பிள்ளைகள் விடையைக் கத்தும் இடத்தில் சோதிக்கவே வேண்டாம்.

விரல் விட்டு எண்ணுவதைத் தடுப்பது இன்னொரு பெரிய இழப்பு. விரல்தான் பிள்ளை எப்படி யோசிக்கிறது என்று நமக்குக் காட்டுகிறது. 8 + 5-க்கு ஒரு பிள்ளை இரண்டு கையிலும் ஒன்றிலிருந்து எண்ணும். இன்னொன்று எட்டை மனதில் வைத்து 9, 10, 11 என்று போகும். வேறொன்று 8-உடன் 2 சேர்த்துப் பத்தாக்கி, மீதி 3 சேர்க்கும். நான்காவது பிள்ளை யோசிக்காமலே 13 என்று சொல்லும். நால்வருக்கும் விடை சரி, ஆனால் நால்வரும் நிற்கிற படி வேறு. விடைக்குப் பக்கத்தில் எ, தொ, ப, நி என்று ஓர் எழுத்து போட்டுக்கொண்டால் (எல்லாம் எண்ணுதல், தொடர்ந்து எண்ணுதல், பத்தாக்கல், நினைவு) போதும், கூடுதல் நேரம் ஆகாது. ஸ்டாப் வாட்ச் பயன்படுத்துவதென்றால் ஓரிலக்கக் கூட்டல், கழித்தலுக்கு மட்டும் பயன்படுத்துங்கள். தொடக்க வகுப்புப் பிள்ளைகளின் கணக்குத் திறனைப் பார்க்கப் பல நாடுகளில் பயன்படும் ஈஜிஎம்ஏ (EGMA) சோதனையிலும் எளிய கூட்டல், கழித்தலுக்கு 60 விநாடி வைக்கிறார்கள். வாக்கியக் கணக்குக்கு அந்த நெருக்கடி இல்லை.

எங்கே தொடங்குவது, எத்தனை கேட்பது

எளியதிலிருந்து தொடங்கி 30 கேள்வி கேட்டால், தெரிந்த பிள்ளை பாதியில் சலித்துப்போகும். கடினமானதில் தொடங்கினால் தெரியாத பிள்ளை வாயை மூடிக்கொள்ளும். பிரதம் என்ற தொண்டு நிறுவனம் கிராமப்புறப் பிள்ளைகளின் வாசிப்பையும் கணக்கையும் சோதிக்க 2005 முதல் நடத்திவரும் அசர் (ASER) ஆய்வு நடுவிலிருந்து தொடங்குகிறது. முதலில் ஈரிலக்கக் கழித்தல் இரண்டு. இரண்டும் சரியென்றால் மூன்றிலக்க எண்ணை ஓரிலக்க எண்ணால் வகுத்தல். வராவிட்டால் கீழே இறங்கி ஈரிலக்க எண்களை வாசித்தல், அதுவும் வராவிட்டால் ஓரிலக்க எண்கள். ஐந்து எண்ணில் குறைந்தது நான்கு சரியாக இருக்க வேண்டும். வகுப்பறைக்கும் இந்த ஏற்பாடு நன்றாகப் பொருந்தும். ஐந்தாம் வகுப்புப் பிள்ளை என்பதற்காக ஐந்தாம் வகுப்புக் கேள்விகள் மட்டும் வைத்திருந்தால், இரண்டாம் வகுப்பு நிலையில் நிற்கிற பிள்ளைக்குப் பூச்சியம் போடத்தான் முடியும். எங்கே நிற்கிறது என்று சொல்ல முடியாது.

ஒரு திறனுக்கு ஒரே கேள்வி வைத்து முடிவெடுக்காதீர்கள். குறைந்தது மூன்று வேண்டும். மூன்றில் ஒன்று மட்டும் தவறினால் பெரும்பாலும் கைத்தவறு. மூன்றிலும் ஒரே மாதிரித் தவறினால் பிள்ளை தனக்கென்று ஒரு தவறான விதி வைத்திருக்கிறது. ஒரு பிள்ளைக்குத் தனியாக 6 முதல் 8 நிமிடம் ஆகும்; 30 பேர் என்றால் 3 முதல் 4 மணி நேரம். ஒரே நாளில் முடிக்கப் பார்த்தால் கடைசிப் பத்துப் பேருக்கு அவசரக் கோலம்தான். ஒரு நாளைக்கு ஆறு பேர் என்று ஒரு வாரத்தில் முடிக்கலாம். அதற்காகவே ஒரே கடினத்தில் இரண்டு மூன்று தாள்கள் வேண்டும். திங்கட்கிழமை கேட்ட கேள்விகள் செவ்வாய்க்கிழமைக்குள் வகுப்பு முழுக்கத் தெரிந்திருக்கும்.

நிலையைப் பிள்ளையின் பெயராக்குவது

தமிழ்நாட்டில் 2022-இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைகள் உண்டு. அவை கற்றல் நிலைகள். எந்தப் பிள்ளைக்கும் நிரந்தர முகவரி அல்ல. கூட்டலில் மலராக இருக்கிற பிள்ளை இடமதிப்பில் மொட்டாக இருக்கும். ஆகவே பதிவேட்டில் பிள்ளைக்கு ஒரு நிலை என்று எழுதாமல், திறனுக்கு ஒரு கட்டம் வைத்து எழுதுங்கள். நான்கு வாரத்துக்கு ஒருமுறை பலவீனமான கட்டங்களை மட்டும் புதிய எண்களோடு மறுபடி சோதித்தால் போதும்.

பெற்றோர் கூட்டத்தில் "உங்க பொண்ணு இன்னும் மொட்டு நிலையிலதான் இருக்கா" என்றால் அந்த அம்மாவால் வீட்டில் ஒன்றும் செய்ய முடியாது. "கழித்தல்ல கடன் வாங்குறா, ஆனா பத்துல ஒண்ணு குறைக்க மறந்துடுறா. வீட்ல துடைப்பக்குச்சியைப் பத்துப் பத்தாக் கட்டி வச்சு, கட்டைப் பிரிச்சுப் பிரிச்சு தினம் மூணு கணக்கு போடச் சொல்லுங்க" என்று சொன்னால் அன்று இரவே தொடங்கலாம்.