கடைப் பெயரைத் தேடினால் போட்டிக்காரர் விளம்பரம்: நான் சரிசெய்த விதம்

எங்கள் கடைப் பெயரைக் கூகுளில் தட்டினால் மேலே போட்டிக் கடை விளம்பரம். தலைப்பிலேயே எங்கள் பெயர். தேதி, நேரம் தெரிய ஸ்கிரீன்ஷாட் எடுத்தேன். விளம்பரத்தின் ஓரத்து மூன்று புள்ளியை அழுத்தினால் விளம்பரதாரர் பெயர் வரும், நோட்டீஸ் அவருக்குத்தான். பிறகு டிரேட்மார்க் பதிவு எண்ணுடன் கூகுளின் புகார்ப் படிவம். வாசகத்திலிருந்து பெயர் போயிற்று.

ஆனால் கீவேர்டை, அதாவது எந்தச் சொல்லைத் தேடினால் தன் விளம்பரம் வரவேண்டும் என்று விளம்பரதாரர் தேர்ந்தெடுக்கும் சொல்லை, அந்தப் படிவம் தடுக்காது. பலர் சறுக்குவது இங்கேதான். வீட்டுச் சாமான்களை இடம் மாற்றித் தரும் அகர்வால் பேக்கர்ஸ் அண்ட் மூவர்ஸ் பெயர் தொடர்பான வழக்கில், 2023 ஆகஸ்டில் டெல்லி உயர் நீதிமன்றம் தெளிவாக்கியது: கீவேர்டாக வைப்பது மட்டுமே டிரேட்மார்க் மீறல் ஆகாது, வாடிக்கையாளர் குழம்ப வேண்டும். மீறல் என்று நிரூபணமானால் பிறர் போடும் விஷயத்துக்கு இணையத் தளம் பொறுப்பல்ல என்னும் ஐ.டி. (தகவல் தொழில்நுட்ப) சட்டம் 79ஆம் பிரிவின் பாதுகாப்பு கூகுளுக்கும் கிடைக்காது. ஆகவே, குழப்பத்துக்குச் சான்றாக, ஆள் மாறிப் போய் ஆர்டர் கொடுத்தவர்களின் வாட்ஸ்அப் செய்திகளை ஒன்றுவிடாமல் சேமித்து வக்கீலிடம் கொடுத்தேன்.